ஆரணித் தெருவில் ஒரு மிங்கித் திமிங்கலம்

எழுபத்தெட்டு, தை மாதம். காலை ஆறு மணிக்கு வேலூர் பஸ் நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது வம்பு. என் தோளிலிருந்த துணிச்சுருளைக் கண்டக்டர் கை நீட்டித் தடுத்தார்.

“இன்னாம்மா இது, பந்தல் துணியா?”

“திமிங்கலம்” என்றேன். சிரித்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

நான் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. சுருளில் இருந்தது மாணவிகளும் நானும் அசல் அளவில் வரைந்த மிங்கித் திமிங்கலம். பல்லுக்குப் பதில் சீப்புப் போன்ற தகடுகளால் இரையை வடிகட்டித் தின்னும் திமிங்கலங்களில் சிறிய இனம் அது. ஆரணியில் பட்டு நெய்யும் ஏகாம்பரம், தம் தெரு வாசகசாலையின் செயலாளர், பேச அழைத்திருந்தார்.

ஏழரைக்கு ஆரணி. ஏகாம்பரம் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

“ஒலகத்துலயே பெரிய திமிங்கலம் வருதுன்னு சேத்துப்பட்டு வரைக்கும் சொல்லிட்டேங்க!”

எனக்குத் திக்கென்றது. பெரியது நீலத் திமிங்கலம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தெரு வந்துவிட்டது.

காலையில் பாவு எனப்படும் நீளவாட்டுப் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்வது அந்தத் தெரு நெசவாளர்கள் வழக்கம். அன்று ஒரு பாவு கூட இல்லை. திமிங்கலம் படுக்க இடம் வேண்டுமென்று, இவர் வாக்கை நம்பி எல்லாரும் வேலையை நிறுத்தி, தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார்கள்.

சுருளை விரித்தோம். மூன்றாவது வீட்டு வாசலோடு வால் முடிந்துவிட்டது.

“இம்மாந்தூண்டுதானா? இதுக்கா பாவு போடாம குந்திகினு இருக்கோம்?” என்றாள் ஒருத்தி.

“பேஜார் பண்ணிட்டியே, ஏகாம்பரம்!”

மனிதர் தலை தொங்கிவிட்டது. இனி இந்தத் தெருவில் அவர் பேச்சை யார் கேட்பார்கள்? ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல் என்னுடையது, விடுவேனா! வாசகசாலை வாசலில் கிடந்த பெஞ்சு மேல் ஏறினேன்.

“இதுக்கு மிங்கின்னு பேர் ஏன் வந்தது தெரியுமா? திமிங்கலம் பிடிக்கிற கப்பலில் கிட்டத்தட்ட அந்தப் பேரில் ஓர் ஆள் இருந்தானாம். இந்தச் சின்னதைப் பார்த்து, பெரிய நீலத் திமிங்கலம் என்று கத்திவிட்டான். கூட இருந்தவர்கள் சும்மா விடுவார்களா? அப்புறம் சின்னது எது வந்தாலும் அவன் பேரையே வைத்துக் கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.”

வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உள்ள தெரு அது. அதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை. முதலில் கோபித்தவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்போ கப்பல்லயும் ஒரு ஏகாம்பரம் இருந்துக்கிறான்!”

ஏகாம்பரம் மெல்ல நிமிர்ந்தார். “அவன் பேரு கடல் பூரா நிக்குதில்ல? எனக்கும் நிக்கட்டும், போ!”

அவ்வளவுதான், தெருவே என் பேச்சைக் கேட்க உட்கார்ந்துவிட்டது.

எங்கள் கல்லூரியில் இப்படித் தவறினால் மெமோ கொடுப்பார்கள், ஒரு மாதம் யாரும் முகம் பார்க்க மாட்டார்கள். இங்கே ஒரு சிரிப்போடு முடிந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு ஏகாம்பரமே சுருளைத் தோளில் சுமந்து என்னோடு பஸ் நிலையத்துக்கு வந்தார். டீக்கடையிலிருந்து ஒரு குரல்:

“மிங்கிண்ணே! வேலூர் பஸ் கெளம்புது, ஜல்தி!”

“தோ, வந்துகினே இருக்கேன்!” என்று ஓடினார் ஏகாம்பரம்.