செம்மலை ஆசாரியின் நூற்றறுபது உருட்டு

"நூத்திப் பதினொன்னு" என்று முணுமுணுத்துக்கொண்டே செம்மலை ஆசாரி கட்டைகளை உருட்டினார். தாயம் விழுந்தது. சுவரில் ஒரு கரிக்கோடு போட்டார். எதிரே ஆட ஆள் யாரும் இல்லை. காரைக்குடிப் பட்டறையில் தாம் வார்க்கும் பித்தளைத் தாயக்கட்டைகளை, விற்பதற்கு முன் இப்படித்தான் சோதிக்கிறார். ஒவ்வொரு ஜோடியையும் நூற்றறுபது தரம்! பார்க்கிற நமக்குத்தான் தோள்பட்டை வலிக்கிறது.

"ஒரு கட்டைக்கு நாலு பக்கம். ரெண்டும் சேந்து பதினாறு விதமா விழலாம். அதுல ஒன்னுல ஒத்தைப் புள்ளியும் மத்ததுல வெறுமையும் விழுற ரெண்டு விதந்தான் தாயம். எட்டுக்கு ஒன்னு. அப்ப நூத்தறுபதுக்கு இருபது வரணும்ல?"

"சரியாக இருபதா?" என்று கேட்டேன்.

"பதினாறும் வரும், இருபத்தி மூணும் வரும். அது கட்டையோட இஷ்டம். ரொம்ப வெலகுச்சுன்னா என் வார்ப்புல கோளாறு."

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனிதர். கல்லூரிவரை படித்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சென்ற வாரம் தேனம்மை ஆச்சி வில்வண்டியில் வந்து இறங்கினார். மகள் கல்யாணச் சீருக்கு நாற்பது ஜோடி சொல்லியிருந்தவர். மாதிரிக்கு வாங்கிப்போன ஜோடியைத் தரையில் வைத்தார்.

"நேத்து பூராம் உருட்டினோம் ஆசாரி. தாயம் கண்ணுலயே படலை. ராசியில்லாத கட்டை. நான் தேவகோட்டையிலயே செஞ்சுக்கிறேன்."

அந்த வேலை போனால் ஆசாரியின் உலை மூன்று மாதம் அணைந்து கிடக்கும்.

"ஆச்சி, கோவிச்சுக்கிறாதீக. இங்கயே உருட்டிப் பாத்துருவோம்."

முதல் இருபது உருட்டில் ஒரு தாயம்கூட இல்லை. ஆச்சி சிரித்தார். ஆசாரியோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருந்தார். இருபத்தாறாவதில் ஒன்று விழுந்தது. பிறகு அடுத்தடுத்து மூன்று. நூற்றறுபது முடிந்தபோது சுவரில் பத்தொன்பது கோடுகள். அடேயப்பா, அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்!

ஆச்சியின் கண் அதற்குள் வேறிடம் போய்விட்டது. உலைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி தனியாகக் கிடந்தது.

"அது என்ன?"

"திரும்ப உருக்கப் போட்டது ஆச்சி. முப்பத்தி மூணு தாயம் விழுந்துச்சு. உள்ள காத்து அடைச்சுருச்சு, ஒரு பக்கம் கனமில்லை."

"அட, அதுதானே ராசியான கட்டை! நாப்பது ஜோடியும் இதே மாதிரி வாத்துக் குடுங்க. தேவகோட்டைக்குப் போகலை."

ஆசாரி அந்த ஜோடியைக் கையில் எடுத்தார். ஆச்சி கையை நீட்டினார். ஆசாரி அதைப் பட்டறைக்கல்லின்மேல் வைத்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி போட்டார்.