எக்ஸ் ஸ்கொயர் இல்லாத கணக்கு

இன்று வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. போர்டில் தொகுமுறை வகுத்தல், அதாவது சிந்தெடிக் டிவிஷன், நடத்திக் காட்ட வேண்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை நோட்டில் போட்டுப் பார்த்தேன்.

x³ − 7x + 6

இதற்கு x − 2 ஒரு காரணி. வகுத்தால் மீதி பூஜ்ஜியம் வர வேண்டும். மூன்று முறை போட்டும் மைனஸ் நான்குதான் வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

பக்கத்து சீட்டில் இருந்த பெண் மெதுவாகக் கேட்டார்.

"இதுல எக்ஸ் ஸ்கொயரே இல்லையேங்க. அந்த இடத்துல ஜீரோ போட்டீங்களா?"

போட்டேன். மீதி பூஜ்ஜியம்.

"நீங்க டீச்சருங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க. இன்டர்வியூக்குத்தான் போறேன்."

எந்தப் பள்ளி என்று கேட்டேன். அதே பள்ளி. அதே வேலை.

"அப்புறம் ஏங்க எனக்குச் சொன்னீங்க?"

"தப்பா போட்டுனு இருக்கீங்க. பாத்துட்டு எப்படிங்க சும்மா இருக்கறது?"

இருவருமே நன்றாக நடத்தினோம். மதியம் அவரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே சீட் பிடித்து வைத்திருந்தார்.

உண்மையைச் சொல்லுங்கள், அவர் இடத்தில் இருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களா? நானாக இருந்தால் நோட்டைப் பார்க்காதது போல ஜன்னல் வழியாகத் தெரியும் கோயில் மலையைப் பார்த்துக் கும்பிட்டிருப்பேன்.