டொச்சில் எல்லாச் சொல்லும் நீளம்

எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, முதலில் பிடிபட்டது எனக்குத்தான். அப்பா ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அவருடைய டொச் கோப்பையோடு சரி. அம்மாவுக்கு வணக்கமும் நன்றியும் தெரியும். ஆகவே பத்து வயதில் நான் அந்தக் குடும்பத்தின் வெளிநாட்டமைச்சர். ஆஸ்பத்திரி, கடிதம், மேல்வீட்டுக்காரியின் முறைப்பாடு எல்லாம் என் வாயால்தான் போய் வந்தன. திமிருக்குக் கேட்கவா வேண்டும்!

அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். ஒருநாள் அவர் குளித்துவிட்டு வரும்போது முதுகைப் பார்த்துவிட்டேன். குறுக்கும் நெடுக்குமாகத் தழும்பு. "பெடியளோட கொஞ்ச நாள் நிண்டவன்" என்று அப்பா யாரிடமோ குரலைத் தாழ்த்திச் சொன்னதும் காதில் விழுந்திருந்தது. பெடியள் என்றால் துவக்குத் தூக்கிய இயக்கக்காரர் என்பது எனக்குத் தெரியும். தழும்பு ஆமிக்காரன் அடித்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வகுப்பு ரீச்சர் விடுமுறைக்கு அமெரிக்கா போய்வந்து, எடுத்த படங்களைச் சுவரில் விழுத்திக் கதை சொன்னார். பிரித்தானிய ராசா கடலுக்கு அப்பாலிருந்து வரி கேட்டானாம். அமெரிக்கர்களைக் கேளாமலே சட்டம் போட்டானாம். கோபம் வந்த சனம் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதாம். கமக்காரர்கள் கலப்பையை விட்டுவிட்டுத் துவக்கோடு ஓடினார்களாம். பனியில் சப்பாத்துக்கூட இல்லாமல் நடந்து, கால் வெடித்து, எட்டு வருடம் சண்டை பிடித்து வென்றார்களாம். அவர்களுக்கு ரீச்சர் சொன்ன பெயர் ஒரு முழ நீளம்: ஃப்ரைஹைட்ஸ்கெம்ப்ஃபர். சுதந்திரப் போராளி. அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

மாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"இடையில விட்டிட்டு ஓடினவங்களை என்ன செய்தவை?"

"ஒருத்தரும் ஓடேல்லை, மாமா!"

"ஓடாமலோ? ரீச்சரிட்டைக் கேட்டுப் பார்."

அடுத்த கிழமை, மாமாவின் அகதி விண்ணப்பத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தருவதற்குத் தேவாலயத்திலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுசி. மொழிபெயர்ப்பு, வேறு யார், நான்தான். எந்த இயக்கத்திலும் தான் இருக்கவில்லை என்று மாமா முதல் விசாரணையிலேயே சொல்லியிருந்தார். இப்போதும் அதையேதான் சொன்னார். "ஒண்டிலையும் இல்லை எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். பெண்மணி பேனையை நிறுத்தி, "அப்படியென்றால் ஏன் ஓடி வந்தார்?" என்று கேட்டார். பாவம், சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. என் மாமா என்ன, சும்மா பயந்து ஓடி வந்த ஆளா? அந்த முழ நீளச் சொல்லை எடுத்துப் போட்டேன். அமெரிக்கர்கள் ராசாவோடு சண்டை பிடித்த மாதிரி இவரும் பிடித்தவர், முதுகில் அடையாளம்கூட இருக்கிறது என்றேன். பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதினார், எழுதினார், தாளைத் திருப்பியும் எழுதினார்.

மாமா எட்டிப் பார்த்தார். "இல்லை எண்டதுக்கு இவ்வளவோ எழுதுறது?"

"டொச்சில எல்லாச் சொல்லும் நீளம், மாமா."

சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

மறுப்புக் கடிதமும் என் கைக்குத்தான் வந்தது. முதலில் இயக்கத்தில் இல்லை என்றார், பிறகு போராளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆகவே இவருடைய பேச்சை நம்ப முடியாது என்று ஒரு பந்தி. அதைக் கண்டதும் கடிதத்தை மடித்துவிட்டேன்.

"என்ன காரணமாம்?" என்று அம்மா கேட்டார்.

"விளங்கேல்லை அம்மா. பெரிய சொல்லுகள்."

பெண்மணி மறுபடி ஓடி வந்தார். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் ஏன் மாற்றிச் சொன்னார் என்று மட்டும் கேட்டுச் சொல் என்றார். அதற்கும் மொழிபெயர்ப்பு நான்தானே. மாமாவின் பக்கம் திரும்பி, "சுகமா இருக்கிறீங்களோ எண்டு கேக்கிறா" என்றேன். "ஓம், இருக்கிறன்" என்றார் மாமா. பெண்மணியிடம், "தெரியாது என்கிறார்" என்றேன். அடி விழும் என்ற பயம், வேறொன்றுமில்லை. அந்தப் பயத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதுகில் அடித்தது ஆமி இல்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார். இயக்கத்தை விட்டு ஓடப் பார்த்தவரைப் பிடித்துப் பச்சைப் பனைமட்டையால் அடித்தது அந்தப் பெடியள்தான். இரண்டாம் தரம் ஓடித்தான் இங்கே வந்திருக்கிறார். மேன்முறையீடும் தோற்றுத் திருப்பி அனுப்பப்பட்ட நாலாம் மாதம், ஊரில் சந்தைக்குப் போகிற வழியில் அவரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் தொங்கிய கடதாசி மட்டையில் "துரோகி" என்று எழுதியிருந்ததாம். தமிழில் அது மூன்றே எழுத்து.

அவரை அனுப்பிய அன்று காலை ஓல்டன் நிலையத்தில் நின்றபோது, நான் பிழை விட்டது எனக்குத் தெரியும். எவ்வளவு பெரிய பிழை என்று தெரியாது. போராளி ஒருவருக்கு ஊருக்குப் போக என்ன பயம் என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். மாமா ரயில் யன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சரிட்டைக் கேட்டனியோ? ஓடினவங்களை என்ன செய்தவையாம்?"

"கேட்டனான் மாமா. அது பாடத்தில இல்லையாம்."

"அங்கையும் இல்லையோ" என்றார்.

அவருடைய முகம் கறுத்துக் கிடந்தது. எதையாவது சொல்லி ஆற்ற வேண்டும்போல இருந்தது. ரயில் அசையத் தொடங்க, கூடவே ஓடி, மேடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"பயப்படாதேங்கோ மாமா, கடைசியில போராளியள்தான் வெண்டவை!"