சண்முகம் சாரின் ராத்திரி

பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் கத்திக்கொண்டிருந்தேன். லீவில் வீட்டுக்குப் போனாலும் வானியல் வேலை விடுகிறதா என்ன!

விஷயம் இதுதான். இரண்டு வாரம் முன்பு ஒரு செயற்கைக்கோள் வெகு தொலைவில் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்தது. வெடிப்பு சில நொடிதான். பின்னொளி மட்டும் நாளுக்கு நாள் மங்கும். பெரிய நட்சத்திரம் வெடித்ததுதான் காரணமென்றால், இரண்டு வாரம் போல் கழித்து அதே இடத்தில் சூப்பர்நோவா, அதாவது சிதறிய நட்சத்திரத்தின் வெளிச்சம், தலைகாட்ட வேண்டும். பிரபஞ்சத்தின் சின்ன வயதை எட்டிப் பார்க்க இந்த வெடிப்புகள் நமக்கு விளக்கு. எது எதனால் எரிகிறது என்று தெரியாமல் விளக்கை எப்படி நம்புவது?

மேகமில்லாத ஒரே ராத்திரி அன்றுதான்; அன்று டெலஸ்கோப் எங்கள் ஆய்வகத்து மூத்தவர் சண்முகம் சாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரட்டை நட்சத்திரத்தில் ஒன்று மற்றொன்றை மறைக்கும் கிரகணத்துக்காக அவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார். போனில் அவர்தான்.

"ரூல் இருக்கு சார். அவசரம்னா விட்டுக் குடுக்கணும். நட்சத்திரம் செத்துப் போச்சு, இப்ப பாக்கலன்னா அவ்வளவுதான்."

"ரூல் எனக்கும் தெரியும்மா. டைரக்டர்கிட்டயே கேட்டு வாங்கிக்க." வைத்துவிட்டார்.

டைரக்டர் கையெழுத்துப் போடுவதற்குள் மேகம் வந்துவிடும். எனக்கு அழுகையே வந்தது.

பக்கத்து சீட் அம்மா மெல்லக் கேட்டார். "யாருங்கம்மா தவறிட்டாங்க?"

"ஒரு நட்சத்திரங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. "மாமா, இன்னிக்கு உங்க தண்ணிய எனக்கு வுடுங்க. வெங்காயம் வாடிப் போயிட்டு. என் மொறைய நீங்க எடுத்துக்கங்க."

எங்கள் வீட்டிலும் பங்குக் கிணறுதான்; ஒரே கிணற்றில் ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை. முறை மாற்ற அப்பா யாரிடமும் ரூல் பேசியதில்லை. தன் முறையைக் கொடுத்துத்தான் கேட்பார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடியும் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், அடுத்த கிரகணத்துக்கு என் ராத்திரிய எடுத்துக்கங்க. இந்த ராத்திரில பாதி மட்டும் எனக்குக் குடுங்க."

"சரி, பின்பாதி உன்னோடது. மொதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாம்ல?"

மறுநாள் காலையில் படம் வந்தது. மங்கியிருக்க வேண்டிய புள்ளி பளிச்சென்று இருந்தது. வீட்டில் எல்லாரும் ஓடி வரும்படி கத்தினேன். முதல் போன் சாருக்குத்தான்.

"என்னம்மா, இருக்கா?"

"இருக்கு சார்!"

"அப்ப பாதிக் கிரகணம் போனா போகுது, வுடு."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்தவர் ராத்திரியைக் கேட்குமுன், தர உங்களிடம் ஒரு ராத்திரி இருக்கட்டும். வருஷங்கள் ஓடி, இப்போது அடுத்த கிரகணம் நெருங்குகிறது. என் முழு ராத்திரியும் சாருக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.