வெட்டாத கல்யாண டிஸ்க்

அக்கா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தான் பாலிங்கிலிருந்து மோட்டாரில் வந்தார். பீடோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு கேட்டுக்கு வெளியே, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். அத்தானிடம் நான் முதன்முதலாகப் பேசியதே அக்காவின் சாவு வீட்டில்தான், அதுவும் இரண்டு வார்த்தை. அதனால் கேட்டைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மோட்டாரின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதிலிருந்து ஒரு டிவிடி பிளேயரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“வீட்டு டிவி கெட்டுப்போச்சும்மா. மகன் புதுசு வாங்கி மாட்டிட்டான். அதுல இத சொருக ஓட்டையே இல்ல. உங்க வீட்டு டிவியில வருமான்னு பாரு.”

“என்ன பாக்கணும் அத்தான்?”

“உன் கல்யாண டிஸ்க்.”

நான் பிளேயரைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவரே சொன்னார். “டயாலிசிஸ் முடிஞ்சு வந்து படுத்துக்கிட்டு உங்கக்கா இதத்தான் போட்டுப் பாப்பா. நான் ஒரு நாளும் கூட உக்காந்து பாத்ததில்ல. இப்ப பாக்கணும்போல இருக்கு.”

அக்கா என் கல்யாணத்துக்கு வரவில்லை. பதினெட்டு வருடமாக நான் எல்லாரிடமும் சொல்லிவந்தது அதுதான். என் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்னால், அவள் அத்தானைத் தானே தேடிக்கொண்டு, நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் போனாள். இனி இந்த வாசல்படி மிதிக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் பேருக்கும் ஒரு பத்திரிகை எழுதினேன். எழுதியதைத் தபாலில் போடவில்லை. அப்பாவுக்குப் பயந்துதான் போடவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். ஆனால் போட்டிருந்தால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. வேண்டுமென்றால் வரட்டும், பத்திரிகை வைத்தால்தானா என்று எனக்குள் ஒரு வீம்பு. வரவில்லை என்றானதும் அந்த வீம்பு கோபமாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் இரண்டு மூன்று தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

என்னிடமும் ஒரு கல்யாண டிஸ்க் இருந்தது. வீடியோக்காரர் வெட்டி ஒட்டி, முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு, பூக்கள் பறப்பதுபோல் செய்து கொடுத்தது. அதில் ஒருவர் பேசுவதும் கேட்காது. அத்தான் கொண்டுவந்தது வேறு. உறை இல்லாத டிஸ்க். மேலே மார்க்கர் பேனாவால் ‘தங்கச்சி’ என்று எழுதியிருந்தது. அக்காவின் கையெழுத்து. ‘ச்’சுக்குப் புள்ளி வைக்க அவள் எப்போதும் மறந்துவிடுவாள். இதிலும் மறந்திருந்தாள்.

எங்கள் டிவி பத்து வருடப் பழசு. அதன் பின்பக்கத்தில் வண்ண வண்ண ஓட்டைகள் இருப்பது எனக்குத் தெரியும், ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. இருவருமாக அதைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். அத்தான் கொண்டுவந்த கேபிளில் மூன்று முனைகள்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. வெள்ளையும் சிவப்பும் நன்றாக இருந்தன. மஞ்சளின் கழுத்தை எலி கடித்து, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது.

“பாப்போம், சொருகு,” என்றார் அத்தான்.

டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. எப்போதாவது ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே ஓடியது. ஆனால் சத்தம் வந்துவிட்டது. நாற்காலிகளை இழுக்கும் சத்தம், நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்ப்பது, ஒரு குழந்தையின் அழுகை. “மாலை எங்க, மாலை எங்க?” என்று அப்பா கத்தினார். அப்பா போய் ஏழு வருடமாகிறது. அத்தான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு குரல்.

“அண்ணே, என்னை எடுக்காதீங்க. பொண்ண எடுங்க.”

“பொண்ணு வீடாக்கா நீங்க?” இது வீடியோக்காரர்.

பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது.

“தெரிஞ்ச பொண்ணு லா. சும்மா பாக்க வந்தேன்.”

என் அக்கா. சாவு வீட்டில் நான் பார்த்த, உடம்பு ஊதி, கன்னம் கறுத்துப்போன அக்கா இல்லை. இருபத்தாறு வயது அக்கா. மறுபடி நாதஸ்வரம் எழுந்து அவள் குரலை மூடிவிட்டது.

நான் அத்தானைப் பார்த்தேன். “அக்கா வந்துச்சா?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “வந்தாளே. நான்தான் மோட்டார்ல கூட்டியாந்தேன். நான் ரோட்டுலயே நின்னுட்டேன். அவ மட்டும் உள்ள போயிட்டு கொஞ்ச நேரத்துல வந்துட்டா. உனக்குத் தெரியாதா?”

எழுந்து, “மஞ்சள் கேபிள் வாங்கிட்டு வந்துடலாம் அத்தான்,” என்றேன்.

கடைத்தெருவில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சுடா தாடா ஓராங் பாக்காய்,” என்றார். இப்போது யாரும் இதைப் பயன்படுத்துவதில்லையாம். ஆனாலும் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் குடைந்து, தூசி படிந்த ஒரு பாக்கெட்டை எடுத்துவந்தார். திரும்பும் வழியெல்லாம் மோட்டாரின் பின்னால் அந்தப் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் இதே இருக்கையில் உட்கார்ந்துதான் அன்றைக்கு வந்திருப்பாள் என்று தோன்றியது. அத்தான் அதற்குப் பிறகு மூன்று மோட்டார் மாற்றிவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

புதுக் கேபிளைச் சொருகியபோது படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. பச்சை ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையமும் போட்டிருந்ததால் மஞ்சள் முனையை அதில்தான் சொருகியிருந்தேன். ஓட்டை சரிதான். ரிமோட்டில் ஏவி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கிறது. அதை அழுத்தியதும் நிறம் வந்தது. தோட்டத்துக் கோயில் மண்டபம், சிவப்புக் காகிதத் தோரணம், என் அரக்குப் பட்டு.

கேமரா என்னை விட்டு மெதுவாகத் திரும்பியது. வாசல் பக்கம், செருப்புகள் கிடக்கும் இடத்தில் அக்கா நின்றிருந்தாள். பச்சைப் புடவை. வீட்டை விட்டுப் போன அன்று கட்டியிருந்த அதே புடவை. எடுக்காதீங்க என்று கையை ஆட்டினாள். கேமரா கீழே இறங்கி, மறுபடி மேடைக்குப் போனது. அங்கே நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தலையை நிமிர்த்தி, நேராக வாசலைப் பார்த்தேன். மூன்று நொடி, நான்கு நொடி. பிறகு குனிந்துகொண்டேன்.

அத்தான் மூச்சை விட்டார். “போற வழியில சொன்னா. தங்கச்சி என்னைப் பாத்துட்டா, கண்ணாலயே வான்னு கூப்பிட்டா, அப்பா இருக்காரேன்னு நான்தான் வந்துட்டேன்னு. அப்புறம் பஸ் புடிச்சுப் போய் வீடியோக்காரர்கிட்ட வெட்டாத டிஸ்க்க கேட்டு வாங்கியாந்தா. நீ போன் எடுக்காதப்பகூட, அவ மேல தப்பில்லன்னுதான் சொல்லுவா. நான் நம்பல. சும்மா எனக்காகச் சொல்றாளோன்னு நெனச்சேன்.” டிவியைப் பார்த்தபடியே கேட்டார். “பாத்தியாம்மா?”

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. ஓமப் புகை, தலைச்சுமையாய்ப் பூ, அப்பாவின் கத்தல், இவ்வளவுதான் இருக்கிறது. பச்சைப் புடவை இல்லை.

“பாத்தேன் அத்தான்,” என்றேன்.

அவர் தலையசைத்தார். நான் போட்டுக் கொடுத்து ஆறிப்போயிருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிளேயரும் டிஸ்க்கும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வெயில் தணிவதற்குள் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு, வீட்டில் ஆளில்லாத பகல்களில் எத்தனை தடவை அந்த நான்கு நொடிகளைப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். நிறுத்தினால் என் முகம் நடுங்கியபடி நிற்கும். அந்தக் கண்கள் யாரையோ பார்க்கின்றன. யாரை என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது பின்னால் “தெரிஞ்ச பொண்ணு லா” என்று கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். டிவி அணைந்துதான் இருக்கும். ஒரு நாள் என் கணவர், “இத கழட்டி வச்சிடவா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அக்காவைப் பார்க்கவே இல்லை என்றால் அத்தானிடம் நான் சொன்னது பொய். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஆனால் சில நாட்களில், நான் சொன்னது நிஜம்தானோ என்று சந்தேகம் வருகிறது. அப்படியென்றால் அவளை வாசலில் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன். அந்த நாட்களில் டிவி பக்கமே போகமாட்டேன்.

வருடத் திதிக்குப் பாலிங் போனோம். சாப்பாட்டுப் பந்தியில், வந்திருந்தவர்களிடம் அத்தான் என்னைக் காட்டிச் சொன்னார்: “அன்னைக்கே இது அவளைப் பாத்துச்சு. கண்ணாலயே கூப்பிட்டுச்சு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு.” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, “உங்கக்கா குடுத்து வச்சவ,” என்றார். நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.