ஓட்டை இல்லாத விதி

நாய்க்கு லைசன் எடுக்கப் போன இடத்தில்தான் பேராசிரியர் யோகலட்சுமியின் வாய் பினாங்கின் ஜார்ஜ்டவுன் முழுக்கப் பிரசித்தமானது. 1979ஆம் வருஷம். கவுன்டரில் கொடுத்த போராங் படிவத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பெயர், விலாசம், அடையாள அட்டை எண். அதற்குக் கீழே இனம் கேட்டு 'பங்சா' என்று போட்டு நாலு பெட்டி: மலாய், சீனர், இந்தியர், மற்றவர்.

"தம்பி, இது யாரோட பங்சா? நாயோடதா, என்னோடதா?"

கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் ஹபீப் முகம்மது. தமிழ் முஸ்லிம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துக்காரர். "உங்களோடதுதான்க்கா."

"என் இனம் தெரிஞ்சா நாய் கடிக்காம இருக்குமா?"

வரிசையில் நின்ற சீனக் கிழவர் என்ன என்று கேட்க, யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, கூடமே சிரித்தது. யோகலட்சுமி சிரிக்கவில்லை. அரசியலமைப்பின் எட்டாம் பிரிவை அங்கேயே நின்று ஒப்பித்தார். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று எழுதி வைத்துவிட்டு, நாய் வளர்ப்பதற்குக்கூட நாலு பெட்டி அடித்து வைத்திருக்கிறீர்களே, இந்த அச்சுக்கூலியில் ரெண்டு தெருவிளக்காவது போட்டிருக்கலாமே என்றார். ஹபீப் முகம்மது பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "அக்கா, எந்தப் பெட்டியில போடறதுன்னு எங்க வீட்டுலயே மூணு பேரு மூணு விதமா போட்டிருக்கோம். நீங்க ஏதாச்சும் ஒண்ணுல கோடு போடுங்க லா. நாய் வெயில்ல நிக்குது."

யோகலட்சுமி நாலு பெட்டியிலும் கோடு போட்டுவிட்டு வந்தார். லைசன் கிடைத்தது. படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினார்கள் என்பது அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

யோகலட்சுமி பினாங்கில் பிறந்தவர். அப்பா கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மகளை லண்டனுக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். சிங்கப்பூரில் பல்கலைக்கழக வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். அம்மா இறந்த பிறகு, 71ல், அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பினாங்குக்குத் திரும்பினார். மெக்கலிஸ்டர் ரோட்டில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு தனியார் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே போகாமலே எழுதும் லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடம். அறிவிப்புத்தாளில் 'பேராசிரியர்' என்று அவர்களாகவே அச்சடித்துக்கொண்டார்கள். "கீழே டயர் ரீட்ரெட், மேலே பட்டம் ரீட்ரெட்" என்று அவரே சொல்லிக் காறித் துப்புவார். ஆனால் வகுப்பு என்று வந்துவிட்டால் ஒரு நிமிடம் வீணாக்கமாட்டார்.

உலகத்தில் அவருக்குப் பிடித்தது என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பேருந்தில் கண்டக்டர் சீனத்திக்கு ஒரு குரல், தமிழச்சிக்கு ஒரு குரல் வைத்திருந்தால் அடுத்த ஸ்டாப் வரும்வரை அவனைக் காய்ச்சுவார். 'இந்தியருக்கு வாடகைக்கு இல்லை' என்று விளம்பரம் போட்ட வீட்டுக்குப் போன் போட்டு, லண்டன் ஆங்கிலத்தில் பேசி, வீட்டுக்காரர் வழிந்து வாடகை குறைத்த பிறகு தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார். அதெல்லாம் சின்ன விஷயம். தன் சொந்தச் சனத்தின் மீதுதான் அவருக்கு உச்ச இளக்காரம். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் 'அவை இந்தியத் தமிழர், நாங்கள் சிலோன்' என்று ஆரம்பிக்கும் மாமிகளைக் கண்டால், "கப்பல்ல எந்த டெக்குல வந்தோம்கிறத வச்சா இன்னும் வம்சம் பிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அவர் வகுப்பில் முன் பெஞ்சில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் ராமசாமி. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பாலுக்காக மரம் சீவுகிற குடும்பத்தில் பிறந்தவன். விடியுமுன் பஸ் பிடித்துப் பட்டர்வர்த் வந்து, ஃபெரி ஏறி, வேர்த்து விறுவிறுத்து ஒன்பது மணிக்கு வந்து நிற்பான். அவனுடைய முதல் கட்டுரையை வகுப்பின் நடுவே தூக்கிப் பிடித்து, "இதுல இங்கிலீஷும் இல்ல, சட்டமும் இல்ல, மையை மட்டும் நல்லா செலவழிச்சிருக்கே" என்றார். அவன் அழவில்லை. மறுநாள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். அதையும் தூக்கிப் போட்டார். நாலாவது தரம்தான் வாங்கி வைத்துக்கொண்டார். 85ல் அவன் பீச் ஸ்ட்ரீட்டில் சொந்தமாகப் பலகை மாட்டிய வக்கீல். சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுக்கொண்டே நீதிபதிகளைத் திட்டுவது இருவருக்கும் பொழுதுபோக்கு.

அந்த வருஷம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ராமசாமி தோசைக்கு முன்னால் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தான்.

"பருத்தித்துறை மன்றத்துல மெம்பராக அப்ளை பண்ணேன், புரொபசர். டென்னிஸ் கோர்ட்டுக்காகத்தான். இப்படி பதில் போட்டிருக்காங்க, பாருங்க."

பர்மா ரோட்டுக்குப் பின்னால் இருந்தது அந்த மன்றம். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையைக் கண்ணால் கண்டவர் அதில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். ஒரு கூடம், ஒரு வாசகசாலை, நல்ல புல்வெளி டென்னிஸ் கோர்ட் ஒன்று. யாழ்ப்பாணக் குடும்பங்கள் ஞாயிறு தவறாமல் கூடி, தங்கள் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் என்ன படிக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் இடம்.

"அறிவில்லாத கூட்டம்" என்று ஆரம்பித்தபடியே யோகலட்சுமி கடிதத்தை எடுத்தார். விதி நான்கு, பிரிவு ஆ-வின்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று எழுதி, அந்தப் பிரிவையும் முழுசாகக் கீழே தட்டச்சு செய்திருந்தார்கள். தந்தைவழியிலும் தாய்வழியிலும், தத்து மற்றும் திருமணத்தால் வரும் உறவு நீங்கலாக, இலங்கையின் வடமாகாணத்தில் பூர்வீகம் கொண்ட தமிழர் மட்டுமே.

"யார் எழுதினாங்கன்னு தெரியல, ஆனா கெட்டிக்காரன்" என்றான் ராமசாமி, தோசையைப் பிய்த்துக்கொண்டே. "ஓட்டையே இல்ல. கோர்ட்டுக்குப் போனாலும் நம்ம கேஸ் நிக்காது. எட்டாம் பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், கிளப்பைக் கட்டுப்படுத்தாது. தத்து, கல்யாணம் எல்லாத்தையும் மூடிட்டான், பாருங்க. எந்தத் தடியன் உக்காந்து யோசிச்சானோ."

யோகலட்சுமிக்கு அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு காற்புள்ளியும் தெரியும். அது அவர் எழுதியது.

74ல் அப்பா மன்றத்தின் செயலாளராக இருந்தார். வக்கீலுக்குக் காசு கொடுக்க மனசில்லாத நிர்வாகிகள், உம்முடைய மகள் சட்டம் படித்தவள்தானே என்று விதிகளைத் திருத்தும் வேலையை யோகலட்சுமியின் தலையில் கட்டினார்கள். பெண்களுக்கு அந்த மன்றத்தில் ஓட்டுக்கூடக் கிடையாது. இணை உறுப்பினர் என்று ஒரு பின்வரிசை. அப்பா தாளை நீட்டி, "பிள்ளை, ஆரும் நுழையாத மாதிரி எழுதித் தா" என்றார். யார் நுழையக் கூடாது, ஏன் என்று மகள் கேட்கவில்லை. முந்தைய விதியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்து, தச்சன் ஆடுகிற கதவைப் பார்ப்பது மாதிரி பார்த்து, ஒரே சாயங்காலத்தில் அடைத்துக் கொடுத்தார். அப்பா படித்துவிட்டு, "லண்டனுக்கு அனுப்பின காசு வீண்போகேல்லை" என்றார். அன்றைக்கு அது ரொம்ப இனிப்பாக இருந்தது. அப்பாவும் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

"கடிதம் இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். ராமசாமி போன பிறகு அவருடைய தோசை தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

ஜூனில் மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். இணை உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர முடியாது என்பதால் யோகலட்சுமி முழு உறுப்பினரான பல் டாக்டர் அம்பிகைபாகனைப் பிடித்தார். அவர் மூன்று தரம் தலையாட்டி, "நான் கொண்டு வாறன், யோகம். இது அநியாயம்தான்" என்று உறுதி சொன்னார். கூட்டத்தில் எழுந்து, பல் பிடுங்கப்போகும் நோயாளி மாதிரி வாயைப் பாதி திறந்து, விதி நான்கை 'மீள்பரிசீலனை செய்வது குறித்து யோசிக்கலாம்' என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். தலைவர் சிவகுருநாதன், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, இன்னொரு தடவை சொல்லும் என்றார். அம்பிகைபாகன் இருமினார்.

பின்வரிசையிலிருந்து யோகலட்சுமி எழுந்தார். "அவர் சொல்ல வந்தது இதுதான். அந்த விதியைத் தூக்குங்க. தமிழ் பேசுற எவரும் வரலாம்னு போடுங்க."

சிவகுருநாதன் கோபப்படவில்லை. அதுதான் அவருடைய பலம். "தங்கச்சி, வெளியில எத்தினை கதவு எங்களுக்கு மூடிக் கிடக்குது எண்டு உங்களுக்குத் தெரியாதே? கோட்டா எண்டு ஒரு கதவு, வேலை எண்டு ஒரு கதவு. எங்கட எண்டு இருக்கிற ஒரு கதவை நாங்கள் மூடி வைக்கிறது பிழையோ?"

"உள்ள இருக்கிறவன் மூடினாலும் வெளிய இருக்கிறவன் மூக்குலதான் இடிக்கும்."

"நல்லாச் சொல்லுறியள்." அவர் விதிப்புத்தகத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இந்தப் பிரிவை எழுதினது ஆர் எண்டு சபைக்குச் சொல்லுங்கோவன்."

கூடத்தில் வடையும் கையுமாக எல்லாரும் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்கள்.

"நான்தான். யோசனையில்லாம எழுதினேன், அதுக்கு வெட்கப்படுறேன். ஆனா ஒரு முட்டாள் ஒரு சாயங்காலத்துல எழுதினத வேதம் மாதிரி பதினோரு வருஷமா காவல் காக்குறீங்களே, உங்கள என்னன்னு சொல்றது?"

வாக்கெடுப்பில் ஆதரவாக நாலு கை உயர்ந்தது. அம்பிகைபாகனின் கை அதில் இல்லை. அவர் அந்த நேரம் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது பக்கத்தில் வந்து, "நான் மனசால உங்களோடதான்" என்றார். "மனசை ஒரு கவர்ல போட்டு அனுப்புங்க, எண்ணிக்கையில சேர்த்துக்குவாங்க" என்றார் யோகலட்சுமி.

திங்கட்கிழமை பீச் ஸ்ட்ரீட்டுக்குப் போனார். ராமசாமி ஆபீசின் வெளி பெஞ்சில், நிலத் தகராறுக்கு வந்த ரெண்டு பேருக்கு நடுவே, முறை வரும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் நாற்காலியில் அமராமலே சொன்னார். 74, அப்பா, அந்தச் சாயங்காலம், பொதுக்கூட்டம், நாலு கை. எதையும் விடவில்லை, எதையும் அழகுபடுத்தவில்லை.

ராமசாமி பேனா மூடியைக் கழற்றி மாட்டினான்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வாய் வரல."

"உங்களுக்கா?" என்றான். பிறகு, "எங்க தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியும் உங்க யாழ்ப்பாணத்து ஆளுதான், புரொபசர். எங்கப்பா அவர்கிட்ட பேசணும்னா அவரு வீட்டுக்குப் பின்னால, கோழிக் கூண்டுகிட்ட நின்னுதான் பேசுவாரு. அந்தக் கிராணி மேல எனக்குக் கோபமே வந்ததில்ல. அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கு எட்டாம் பிரிவு சொல்லிக் கொடுத்தது நீங்க."

"மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், ராமசாமி."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. அவன் தலையை மட்டும் அசைத்து, "கட்சிக்காரங்க காத்திருக்காங்க" என்றான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவன் வரவில்லை. இரண்டரை வருஷம். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வான், நின்று பேசமாட்டான். யோகலட்சுமி மற்றவர்களைத் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் திட்டி முடித்ததும் முன்பு வந்த நிறைவு இப்போது வரவில்லை என்பதை அவரே கவனித்தார். கவனித்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் விதி நான்கு, பிரிவு ஆ-வைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, இதை உடையுங்கள் என்று சொல்லும் வழக்கம் அப்போதுதான் வந்தது. 87ல் ஜன்னத் என்ற மாணவி, நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் ஷேக் அலாவுதீனின் மகள், ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"முடியல, புரொபசர். இத எழுதின ஆளுக்கு மனசாட்சியே இருந்திருக்காது."

"எழுதினது நான்."

வகுப்பு திடுக்கிட்டது. ஜன்னத் மட்டும் எழுந்து நின்றாள். "அப்ப நாங்க உங்ககிட்ட எதக் கத்துக்கறது?"

முன்பென்றால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் திட்டில் அவள் ஒரு வாரம் அழுதிருப்பாள். யோகலட்சுமி சாக்பீசைக் கீழே வைத்தார். "எழுதறது சுலபம்னு கத்துக்கோ. நல்லா எழுத வந்துட்டா இன்னும் சுலபம். உட்காரு" என்றார்.

இந்தக் கதை டயர்க் கடை மாடியிலிருந்து இறங்கி வக்கீல்கள் சாப்பிடும் மேசைகளுக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. அந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ராமசாமி வந்து கதவைத் தட்டினான். வருஷாவருஷம் என் கேஸைப் போர்டில் எழுதிப் போடுகிறீர்களாமே, ஃபீஸ் எங்கே என்று கேட்டான். அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

92ல் பருத்தித்துறை மன்றத்துக்கு ஞானம் பிறந்தது. ஞானம் என்றால் வேறொன்றுமில்லை: பிள்ளைகள் எல்லாம் மெல்பர்னுக்கும் பெர்த்துக்கும் போய்விட, சிவகுருநாதனும் படுத்த படுக்கையாக, கூட்டத்துக்குக் கோரம், அதாவது வேண்டிய தலை எண்ணிக்கை, சேரவில்லை. விதியைத் திருத்தி, தமிழர் யாவரும் வருக என்று அறிக்கை விட்டார்கள். தலைமையேற்ற அம்பிகைபாகன், இது தன் நெடுநாள் கனவு என்று பேசினார். பெண்களுக்கு ஓட்டும் வந்தது. யோகலட்சுமி சேர மறுத்துவிட்டார். ஆள் இல்லாமல் போனபின் திறக்கிற கதவுக்குப் பெயர் சமத்துவம் இல்லை, காலி வீடு என்றார்.

ராமசாமி மறுவாரமே சேர்ந்தான்.

வெள்ளை அரைக்கால் சட்டையும் மட்டையுமாக நேரே கோர்ட்டிலிருந்து தோசைக்கு வந்தவனை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "வெட்கமா இல்ல உனக்கு? ஏழு வருஷம் வாசல்ல நிக்க வச்சவங்க கூப்பிட்டதும் ஓடிப்போய் உள்ள உட்காருவியா?"

"உக்காரல, புரொபசர். ஓடிக்கிட்டேதான் இருந்தேன். ரெண்டு செட் ஜெயிச்சேன்."

"மானம்னு ஒண்ணு..."

"மானம் இருக்கு லா. ஆனா பினாங்குல அந்த மாதிரி புல்லு வேற எங்கயும் இல்ல."

அவர் அவனைக் காது கூசத் திட்டினார். யாழ்ப்பாணத்தை, தோட்டத்தை, வக்கீல் தொழிலை, அவன் அரைக்கால் சட்டையை, ஒன்றையும் விடவில்லை. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டினான்.