துணிக்குள் இருந்தவள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். மாரிசெல்வி யாரிடமும் வாதாடுவதில்லை. தாராவியில், தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் உள்ள கல்லிச் சந்தில், அதே மாடி அறையில்தான் இன்றைக்கும் குடியிருக்கிறாள். நடந்தது பட்டப்பகலில். ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தபோது.

அவளுக்குப் பழைய போட்டோக்களைச் சரிசெய்கிற வேலை. கிழிசல், கறை, பூஞ்சை எதுவானாலும் கம்ப்யூட்டரில் நீக்கிவிடுவாள். வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்துத் தருவது சாதியா. சீத்தா கேம்ப் குடியிருப்பில் வீடு, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. இங்கிலீஷில் பேசுவது, எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. மாரிசெல்விக்குப் பிரசவமானபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவளும் அவள்தான். அவள் ஒன்றைச் சொன்னால் மாரிசெல்விக்கு மறுபேச்சு கிடையாது.

மழை ஓய்கிற சமயத்தில் அந்தப் படம் வந்தது. டெப்ரா என்கிற அமெரிக்கக்காரம்மா அனுப்பியிருந்தாள். தன் வம்சக் கதையைப் படங்களோடு தொகுத்துக்கொண்டிருந்தவள் அவள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய படம். தொப்பி போட்ட ஒரு கைக்குழந்தை. அதை மடியில் வைத்திருப்பது ஓர் உருவம்... தலையிலிருந்து கால்வரை பூப்போட்ட கனத்த துணியால் மூடிய உருவம்.

அந்தக் காலத்தில் படம் பிடிக்க நேரமாகும். குழந்தை அசையாமலிருக்க, யாராவது துணிக்குள் மறைந்து உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்வார்களாம். துணிக்குள் இருப்பவள் யாரோ வேலைக்காரி என்று டெப்ரா எழுதியிருந்தாள். ஏனென்றால் பெற்ற தாய் அப்போது வீட்டிலேயே இல்லை.

தாயின் பெயர் லூசிண்டா. பெரிய கதை ஒன்றும் இல்லாத பெண். தாத்தா ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். அப்பா பீப்பாய் செய்கிறவர். ஒஹையோவில் ஒரு விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டு, மாடு கறந்து, வெண்ணெய் கடைந்து, இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். மூன்றாவது பிரசவத்தின்போது ஒத்தாசைக்குத் தன் தங்கை அடாவை வரவழைத்து வீட்டோடு வைத்துக்கொண்டாள். பிறகு, பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு எவனோடோ ஓடிப்போனாள். அடா அக்காள் புருஷனைக் கட்டிக்கொண்டு அந்தக் குழந்தையை வளர்த்தாள். குடும்பத்தில் அப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

டெப்ரா கேட்டது இதுதான். துணி உருவத்தை எடுத்துவிட்டு, வேறொரு படத்திலிருக்கும் அடாவை அங்கே உட்காரவைக்க வேண்டும்.

மாரிசெல்வி படத்தைப் பெரிதாக்கினாள். துணியின் ஓரத்தில் விரல்கள் தெரிந்தன. குழந்தையின் விலாவைப் பற்றிய நான்கு விரல்கள். அவளுக்கும் நாலு மாதப் பிள்ளை உண்டு; வெயிலுமுத்து பக்கத்திலேயே சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். கூலிக்குப் பிடிக்கிற பிடியல்ல அது.

மனசில்லாமல் விரல்களை அழித்தாள். சேமித்தாள். மறுநாள் திறந்தால்... விரல்கள் இருந்தன.

மறுபடி அழித்தாள். மறுபடியும் இருந்தன. இந்தத் தடவை இன்னொன்றும் இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்வாங்கியிருந்தது. மூச்சை இழுத்தால் எப்படி ஒட்டுமோ... அப்படி.

உடனே சாதியாவுக்குப் போன் போட்டாள்.

"இது வேலைக்காரி இல்லட்டி. பெத்தவ. நான் தொடமாட்டேன்."

சாதியா, "சரி, விடுட்டி. முடியாதுன்னு எழுதிடுதேன். நீ டென்ஷன் ஆவாத" என்றாள்.

மாரிசெல்விக்கு நிம்மதியாக இருந்தது. கம்ப்யூட்டரை அணைக்கும் முன் அந்தத் துணி உருவத்திடம், உன்னை நான் எடுக்கமாட்டேன் தாயி என்று வாய்விட்டே சொன்னாள். அதன்பிறகு படம் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். கீழ் அறையில் தையல் மெஷின்கள் ஓய்ந்திருந்தன. பிள்ளை தூங்கினான். ஒரு வாளித் தண்ணீருக்காகக் குழாயடிக்கு இறங்கினாள்.

திரும்பி இரும்பு ஏணியில் ஏறும்போது... பிள்ளை சிரிக்கும் சத்தம்.

தொட்டில் காலியாக இருந்தது. சேலை மட்டும் லேசாக ஆடியது.

வெயிலுமுத்து நாற்காலியில் இருந்தான். உட்கார்ந்திருந்தான். கழுத்தே சரியாக நிற்காத பிள்ளை... நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குப் பின்னால், கொடியில் காய்ந்த போர்வை நாற்காலியை மூடியிருந்தது.

போர்வைக்குத் தோள்கள் இருந்தன.

முழங்கால்கள் இருந்தன.

வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே போனது... வெளியே வந்தது... ஸ்ஸ்... ஸ்ஸ்...

வாளி கீழே விழுந்தது. பாய்ந்து பிள்ளையைத் தூக்கினாள்.

வரவில்லை.

இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது.

"என் பிள்ள தாயி... விட்டுரு..."

பிடி தளர்ந்தது. போர்வை அப்படியே மடிந்து நாற்காலியில் விழுந்தது. உள்ளே யாருமில்லை. பிள்ளையின் விலாவில் நான்கு விரல்தடம் சிவந்திருந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டபடியே சாதியாவுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் படத்த என்ன செஞ்சட்டி?"

"செம்பூர்ல ஒரு பையன்ட்ட குடுத்து முடிச்சேன். இன்னைக்குக் காலைலதான் அனுப்புனேன்."

"படத்துக்கு அடில யாரு பேரு போட்ட?"

"...உன் பேருதான். அந்தம்மா உன் வேலையத்தான் நம்புதா."

மாரிசெல்வி போனை வைத்தாள். அவ்வளவு பயத்திலும் அவளை அறுத்தது வேறொன்று. தன் வாக்கைத் துணிக்குள் இருந்தவள் நம்பியிருந்தாள். கூடப்பிறந்தவள் முகத்தைத் தன் இடத்தில் ஒட்டிய படத்தின் அடியில், அவள் கண்டது மாரிசெல்வியின் பெயரை. சாதியாவைத் தேடி அவள் போகவில்லை. இங்கேதான் வந்தாள்.

தடம் மறைய நாளானது. சாதியாவோடு பேச்சு அதோடு நின்றது.

தீபாவளி கழிந்து டெப்ராவிடமிருந்து மெயில் வந்தது. இந்த முறை நேராக மாரிசெல்விக்கே. புருஷன் வாசித்துச் சொன்னான். ஒஹையோவில் அந்தப் பழைய வீட்டை இடித்தார்களாம். அடுக்களைத் தரைக்கு அடியில் ஒரு பெண்ணின் எலும்புகள். மண்டை பிளந்திருந்தது. லூசிண்டா எங்கும் ஓடிப்போகவில்லை. அவள் காணாமல்போய் மூன்று மாதம் கழித்து எடுத்த படம் அது.

கடைசியில் டெப்ரா ஒன்று கேட்டிருந்தாள். தன் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அசல் படத்தை இந்தியாவில் யாரும் தொட்டதில்லையே, பிறகு அது எப்படி மாறியது என்று. அதில் இப்போது துணி உருவம் இல்லை. வெறும் நாற்காலி. குழந்தை மட்டும் நிமிர்ந்து, காற்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.